எந்தக் காலேஜில் சேர்வது? பொறியியல் கவுன்சிலிங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்திலிருந்து என் போன் அடிக்க ஆரம்பிக்கும், ஆகஸ்ட் முடிகிறவரை ஓயாது. நான் கல்வி ஆலோசகர் எல்லாம் இல்லை. அக்கா மகனுக்குச் சாய்ஸ், அதாவது கவுன்சிலிங்குக்கான காலேஜ் விருப்பப் பட்டியல், போட்டுக் கொடுக்க உட்கார்ந்தது, அப்புறம் அவன் நண்பன், ஆபீஸில் ஒருவருடைய பெண், வீட்டுக்காரர் பேரன் என்று வளர்ந்து, இப்போது வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் எழுதியே வைத்துவிட்டேன். இது முழுக்கத் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை, அதாவது டிஎன்இஏ ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு பற்றியது. மருத்துவமும் கலை அறிவியலும் இதில் வராது.

கட்ஆஃப் எப்படிப் போடுவது? இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்?

கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200க்கு. கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 78 என்றால் 92 + 42.5 + 39 = 173.5. நுழைவுத்தேர்வு 2007லேயே போய்விட்டது, அதனால் வேறு எதுவும் இதில் சேராது.

ஆனால் போன வருடக் கட்ஆஃபை வைத்து இந்த வருடத்தைக் கணிக்காதீர்கள். கணிதத் தாள் எளிதாக வந்துவிட்டால் 180க்கு மேல் கூட்டம் கூடிவிடும். போன வருடம் 178க்குக் கிடைத்த சீட் இந்த வருடம் 183க்கும் கிடைக்காது. மார்க்கை விட்டுவிட்டு ரேங்கைப் பாருங்கள். ஒரு காலேஜில் ஒரு பிரிவு உங்கள் சமூகப் பிரிவில் கடைசியாக எந்த ரேங்கில் மூடியது என்பதை மூன்று வருடத்துக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒரு கோடு தெரியும். டிஎன்இஏ தளத்திலேயே பழைய விவரங்கள் இருக்கின்றன, இதற்குக் காசு கொடுத்து ஆப் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரே மார்க்கில் பலர் இருந்தால் முதலில் கணித மதிப்பெண், அப்புறம் இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே சமமாக இருந்தால்தான், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் ஒதுக்குகிற ரேண்டம் எண். ஆகவே ரேண்டம் எண் வெளியாகிற அன்று அதைப் பார்த்துப் பயப்படுவது வீண் வேலை.

காலேஜ் முக்கியமா, கோர்ஸ் முக்கியமா?

கிண்டி சிஇஜி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை பிஎஸ்ஜி டெக், ஜிசிடி, மதுரை தியாகராஜர் மாதிரி இடங்கள் கைக்கு எட்டினால் காலேஜை முன்னால் வையுங்கள். அங்கே வருகிற கம்பெனிகளில் பல எந்தப் பிரிவு என்று பார்ப்பதில்லை, கூடப் படிக்கிற பிள்ளைகளும் நன்றாகப் படிக்கிறவர்கள், அந்தச் சூழலே பாதி வாத்தியார். அதற்குக் கீழே இறங்க இறங்கக் கோர்ஸின் எடை கூடும். பெயர் தெரியாத காலேஜில் பிடிக்காத கோர்ஸ் எடுப்பது இரண்டு பக்கமும் நஷ்டம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பிளஸ் டூ இயற்பியலையே பல்லைக் கடித்துக்கொண்டு முடித்த பிள்ளையை "நல்ல காலேஜ்" என்று மெக்கானிக்கலில் தள்ளினால் முதல் வருடத்திலேயே அரியர் சேர ஆரம்பிக்கும். காலேஜ் பெயர் அதைக் காப்பாற்றாது.

எல்லோரும் சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயன்ஸ்) எடுக்கிறார்கள். ஏஐ, டேட்டா சயன்ஸ் என்று தனியாக இருப்பவை எப்படி?

2024-25 முதல் ஒரு பிரிவில் இத்தனை சீட்டுக்கு மேல் கூடாது என்கிற உச்சவரம்பை நன்றாக நடக்கிற காலேஜ்களுக்கு ஏஐசிடிஇ, அதாவது தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு, எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு சில இடங்களில் சிஎஸ்இ செக்‌ஷன்கள் ஆங்கில எழுத்து வரிசையில் நீண்டுகொண்டே போகின்றன. 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ கணக்கு. சீட் இரண்டு மடங்கானபோது ஆசிரியரும் இரண்டு மடங்கானார்களா என்று கேளுங்கள், பதில் சொல்கிற முகத்தைப் பாருங்கள்.

ஏஐ அண்டு டேட்டா சயன்ஸ் பாடத்திட்டத்தையும் சிஎஸ்இ பாடத்திட்டத்தையும் இறக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வருடம் கிட்டத்தட்ட ஒன்றே. அதற்கு மேலும் பாதிக்குப் பாதி பொதுவாக இருக்கும். வித்தியாசம் வருகிற தாள்களை அந்தக் காலேஜில் யார் நடத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆள் இல்லையென்றால் பெயர் மட்டும்தான் புதுசு.

"100% பிளேஸ்மென்ட்" என்று பஸ் பின்னாலேயே எழுதியிருக்கிறார்களே, நம்பலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு காலேஜிடம் எப்போதும் இரண்டு கணக்கு இருக்கும், பேனருக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது ஒன்று. நீங்கள் இரண்டாவதைப் படியுங்கள்.

எங்கே கிடைக்கும் என்றால், என்ஐஆர்எஃப் என்கிற மத்திய அரசின் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதில் கலந்துகொள்கிற காலேஜ் ஒவ்வொன்றும் தன் விவரங்களை ஒரு படிவத்தில் நிரப்பித் தரவேண்டும், அந்தப் படிவத்தைத் தன் வலைத்தளத்திலும் போட வேண்டும். காலேஜ் தளத்தில் கீழே ஏதோ ஒரு மூலையில் "என்ஐஆர்எஃப்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். தரவரிசையில் இடம் வந்ததா இல்லையா என்பது இரண்டாம் பட்சம், அந்தப் பிடிஎஃப்தான் தங்கம்.

அதில் வேலைவாய்ப்பு, மேற்படிப்பு என்று ஒரு அட்டவணை. இடமிருந்து வலமாக, முதல் வருடத்தில் எத்தனை சீட், எத்தனை பேர் சேர்ந்தார்கள், நேரடி இரண்டாம் ஆண்டில் எத்தனை பேர் வந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள் என்று இருக்கும். ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன்: சீட் 480, சேர்ந்தது 395, நான்கு வருடத்தில் முடித்தது 290, வேலை 160, நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு 3,40,000. இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அதில் மூன்று கதை இருக்கிறது. சீட்டே நிரம்பவில்லை. சேர்ந்தவர்களில் நூறு பேருக்கு மேல் நேரத்துக்கு முடிக்கவில்லை. முடித்தவர்களில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலானவர்களுக்குத்தான் வேலை. இதே காலேஜ் பேனரில் 100 சதவீதம் என்று போட முடியும், எப்படித் தெரியுமா? அரியர் இருப்பவர், மேலே படிக்கப் போகிறவர், பயிற்சி வகுப்புக்கு வராதவர் எல்லோரையும் கழித்துவிட்டு "தகுதியுள்ளவர்களில்" என்று கணக்குப் போட்டால் 100 என்ன, அதற்கு மேலும் வரும். மூன்று கம்பெனி ஆஃபர் வாங்கிய ஒரு பெண்ணை மூன்றாக எண்ணுவதும் நடக்கிறது.

பேனரில் இருக்கிற "அதிகபட்சப் பேக்கேஜ்" ஒரே ஒரு பிள்ளையுடைய சம்பளம். நடுநிலைச் சம்பளம்தான் நடுவில் நிற்கிற பிள்ளையுடையது, உங்கள் பிள்ளை அங்கே நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்தப் படிவத்தையும் காலேஜே நிரப்புகிறது, அதனால் இதுவும் வேத வாக்கு இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுத் தருகிற இடத்தில் பேனரில் அளப்பது மாதிரி அளக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். படிவமே இல்லையென்றால் ஏன் இல்லை என்று அட்மிஷன் ஆபீஸில் கேளுங்கள்.

நாக், என்பிஏ என்று வேறு போட்டிருக்கிறார்கள்?

நாக் என்பது காலேஜ் முழுவதற்கும் தரும் தரச்சான்று, என்பிஏ ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. நீங்கள் சேரப்போகிற பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா, இன்னும் காலாவதி ஆகவில்லையா என்று மட்டும் பாருங்கள். சிவிலுக்கு வாங்கியதை வாசல் வளைவில் எழுதிவைத்துவிட்டு எல்லாப் பிரிவுக்கும் இருப்பது போலக் காட்டுவது உண்டு.

தன்னாட்சிக் கல்லூரி நல்லதா?

நல்லதும் உண்டு, மார்க்கை அள்ளிக் கொடுத்து அனுப்புவதும் உண்டு. தன்னாட்சி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் காலேஜ் கையில், பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகம் தரும். நல்ல காலேஜ் இதை வைத்துப் பாடத்தைக் காலத்துக்கேற்ப மாற்றும். சுமாரான காலேஜில் தேர்ச்சி விகிதம் திடீரென்று எகிறும், படிப்பு அங்கேயே நிற்கும்.

தன்னாட்சி இல்லாத காலேஜ்களில் ஒரு வசதி இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், அண்ணா பல்கலைக்கழகமே நவம்பர்-டிசம்பர், ஏப்ரல்-மே தேர்வுகளில் எந்தக் காலேஜ் எத்தனை சதவீதத் தேர்ச்சி என்று பட்டியல் வெளியிடும். அதை ஒரே ஒரு செமஸ்டருக்குப் பார்த்து முடிவெடுக்காமல் நாலைந்து செமஸ்டருக்குப் பாருங்கள். தன்னாட்சிக் காலேஜின் தேர்ச்சி விகிதத்தை இதோடு ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு பரீட்சை.

நேரில் போய்ப் பார்க்கவேண்டுமா? என்ன பார்ப்பது?

கண்டிப்பாக, ஆனால் அவர்கள் கூப்பிடுகிற நாளில் வேண்டாம். அன்றைக்குக் கோலம் போட்டு, ஜூஸ் கொடுத்து, ஏசி ஹாலில் வீடியோ காட்டுவார்கள். வேலைநாள் ஒன்றில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றாம் வருட மாணவர்கள் வெளியே நிற்பார்கள், அவர்களுக்கு உங்களிடம் விற்க ஒன்றும் இல்லை. "காலேஜ் எப்படித் தம்பி?" என்று கேட்டால் "நல்லாருக்கு அங்கிள்" என்பதோடு முடிந்துவிடும். அதனால் நான் கேட்பது வேறு: போன செமஸ்டரில் நடுவில் எத்தனை வாத்தியார் மாறினார்கள்? கடைசியாக லேபில் நீயே கையால் செய்த பரிசோதனை எது? உங்கள் சீனியரில் உனக்கு நேரடியாகத் தெரிந்த எத்தனை பேருக்கு வேலை, என்ன வேலை? இந்த மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் நல்ல அறிகுறி. முதல் கேள்விக்கு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

ஒரு தடவை ஒரு காலேஜின் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்பை எட்டிப் பார்த்தேன். எட்டு லேத் வரிசையாக, பச்சைப் பெயின்ட் பளபளவென்று. கிட்டே போனால் இரண்டைத் தவிர மற்றவற்றின் கைப்பிடியில் கம்பெனி சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது, கீழே தட்டில் ஒரு துளி எண்ணெய்க் கறையோ இரும்புச் சுருளோ கிடையாது. காலேஜ் ஆரம்பித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கூட வந்த பையன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை, வீட்டுக்கு வந்து தன் பட்டியலில் அந்தப் பெயரை அவனே அடித்துவிட்டான்.

ஆசிரியர் பட்டியல் காலேஜ் தளத்தில் இருக்கும். அதில் நாலு பெயரை எழுதிக்கொண்டு போய், மாணவர்களிடம் இவர் உங்களுக்கு என்ன நடத்துகிறார் என்று கேளுங்கள். இது அதிகப்படியான சந்தேகம் இல்லை. ஒரே ஆசிரியரின் பெயரைப் பல பொறியியல் கல்லூரிகள் ஒரே நேரத்தில் தங்கள் ஆசிரியராகக் காட்டியிருந்ததை 2024ல் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்து, பெரிய விவகாரமானது நினைவிருக்கலாம்.

ஹாஸ்டல் என்றால் தண்ணீர், கழிவறை, இரவில் வார்டன் இருக்கிறாரா என்பதையும், தினசரிப் போய்வருவது என்றால் காலேஜ் பஸ் உங்கள் நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதையும் பாருங்கள். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்றால் நான்கு வருடம் அந்தப் பிள்ளை பஸ்ஸில்தான் தூங்கும்.

செலவு எவ்வளவு ஆகும்? சலுகை என்னென்ன?

கவுன்சிலிங்கில் வரும் சீட்டுக்குக் கல்விக் கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது, அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் பஸ், ஹாஸ்டல், "டிரெயினிங்", லேப்டாப், சீருடை, சங்கம் என்று பின்வாசல் வழியாக வருவது கல்விக் கட்டணத்தைத் தாண்டிவிடும். நான்கு வருடத்துக்கும் என்னென்ன தலைப்பில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித்தரத் தயங்கினால் அதுவே பதில்.

சலுகைகளில் பலரும் தவறவிடுவது முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. இ-சேவை மூலம் அதற்கான சான்றிதழ் வாங்கிக் கவுன்சிலிங் விண்ணப்பத்திலேயே சேர்க்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய்.

பிஎஸ்ஜி, கோவை சிஐடி, தியாகராஜர் மாதிரி அரசு உதவிபெறும் காலேஜ்களில் ஒரே பிரிவே உதவிபெறும் சீட், சுயநிதிச் சீட் என்று இரண்டாக இருக்கலாம். ஒரே வளாகம், கட்டணத்தில் பெரிய வித்தியாசம். பட்டியலில் "எஸ்எஸ்" என்று இருந்தால் அது சுயநிதி.

ஏப்ரலிலேயே மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். "உங்க பையன் மார்க்குக்குக் கவுன்சிலிங்ல வராது சார், இன்னைக்கே புக் பண்ணிடுங்க" என்று ரிசல்ட்டே வராத நாளில் எப்படிச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் காலேஜில் 65 சதவீத சீட்டும், சிறுபான்மைக் காலேஜில் 50 சதவீதமும் கவுன்சிலிங்குக்கு வந்தாக வேண்டும். ஒவ்வொரு வருடமும் மூன்று சுற்று முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கில் சீட் காலியாகக் கிடக்கிறது. அப்படிப்பட்ட காலேஜில் அதே கோர்ஸுக்கு நன்கொடை கட்டுவது, காலி பஸ்ஸில் பிளாக்கில் டிக்கெட் வாங்குகிற மாதிரி.

கட்டித்தான் விட்டீர்கள் என்றால், வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும் கூடாது. என் உறவினர் ஒருவர் "சும்மா சரிபார்க்கத்தான்" என்று கேட்டதை நம்பி டிசியைக் கொடுத்துவிட்டு, கவுன்சிலிங்கில் நல்ல சீட் வந்த பிறகு அதை வாங்க ஆறு தடவை அலைந்தார். நகல் கொடுங்கள், அசலை ஃபைலை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்கில் எப்படி வரிசைப்படுத்துவது?

கிடைக்குமா கிடைக்காதா என்று பார்க்காமல் எது அதிகம் வேண்டுமோ அந்த வரிசையில். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், உங்கள் ரேங்குக்கு முதலில் எது காலியோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கிடைக்காத பத்துக் காலேஜை மேலே போட்டால் ஒன்றும் குறையாது. மாறாக, "சேஃப்டிக்கு" என்று ஒரு காலேஜை மூன்றாவதாகப் போட்டால், நான்காவது கிடைக்கிற நிலையில் இருந்தாலும் மூன்றாவதுதான் வரும். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் கிடைத்தாலும் சேரமாட்டேன் என்கிற காலேஜைப் போடவே கூடாது.

பெயரைப் பார்த்துப் போடாதீர்கள், காலேஜின் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். பிஎஸ்ஜி டெக் வேறு, பிஎஸ்ஜி ஐடெக் வேறு. ஒரே மாதிரிப் பெயரில் நாலு காலேஜ் உண்டு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன், வேண்டாம் ஆனால் மேலே இருப்பது வந்தால் கொடுங்கள் என்றெல்லாம் வரும். எதைத் தேர்ந்தாலும் கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், பதில் சொல்லாமல் விட்டால் சீட் போய்விடும்.

பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். "இலவசமாகச் சாய்ஸ் போட்டுத் தருகிறோம்" என்கிற உதவி மையம் ஏதாவது ஒரு காலேஜுடையதாகவே இருக்கும், அந்தக் காலேஜ் பட்டியலில் எப்படியோ மேலே ஏறி நிற்கும். வீட்டில் நெட் இல்லையென்றால் அரசின் டிஎஃப்சி உதவி மையத்துக்குப் போங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்?

அவை இந்தக் கவுன்சிலிங்கில் வராது, கட்டணமும் தேர்வும் தனி, மேலே சொன்ன முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. சேர்வதென்றால் நான்கு வருடச் செலவையும் கவுன்சிலிங்கில் கிடைக்கிற சீட்டின் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அப்பா ஒன்று சொல்கிறார், பிள்ளை ஒன்று சொல்கிறது.

இந்த வீட்டுச் சண்டையில் நான் பல தடவை நடுவில் மாட்டியிருக்கிறேன். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து ஆளுக்கு ஐந்து காலேஜ், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதச் சொல்வேன். பிள்ளையின் தாளில் "பிரண்டு சேர்கிறான்" என்று இருக்கும். அப்பாவின் தாளில் "மச்சான் பையன் அங்கேதான்" என்று இருக்கும். இரண்டும் ஒரே காரணம்தான் என்று தெரிந்ததும் பாதிச் சண்டை முடிந்துவிடும். பெண் பிள்ளையென்றால் "பக்கத்திலேயே இருக்கட்டும்" என்று மட்டும் காரணம் எழுதுகிற பெற்றோர் நிறைய. எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற அரசுக் காலேஜை விட்டுவிட்டு, வீட்டுக்கு எதிரில் இருக்கிற, சீட் நிரம்பாத காலேஜில் சேர்த்த குடும்பம் எனக்குத் தெரியும். அந்தப் பெண் இன்னும் என்னிடம் அதைப் பற்றிப் பேசும்.

எந்தச் சுற்றிலும் எதுவும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

துணைக் கலந்தாய்வு ஒன்று நடக்கும், துணைத்தேர்வில் தேறியவர்களும் சீட் கிடைக்காதவர்களும் அதற்குப் பதிவு செய்யலாம். அறிவிப்பு தனியாக வரும், தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த நேரத்தில் மீந்திருப்பவற்றில் எதையாவது எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. கம்ப்யூட்டர்தான் ஆசை என்றால் ஒரு நல்ல கலை அறிவியல் காலேஜில் பிஎஸ்சி அல்லது பிசிஏ, அதற்கு மேல் எம்சிஏ. எம்சிஏ 2020-21 முதல் இரண்டு வருடம்தான், ஆக மொத்தம் ஐந்து. ஆனால் அந்தக் காலேஜ்களின் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தவுடனேயே தொடங்கி, பொறியியல் சுற்றுகள் முடிவதற்குள் மூடிவிடும். எனவே மே மாதமே அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்துவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள்.